கடவுளை விட்டவர்களுக்கு இரக்கம் சொந்தமா?

இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கில் 2021-இல் தன்னைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 46.2 சதவீதம். பத்து வருடம் முன்பு 59.3. "மதம் இல்லை" என்றவர்கள் 37.2. "அப்ப இனி ஒழுக்கம் என்னாகும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். சி.எஸ்.ஐ. குடும்பத்தில் வளர்ந்து நம்பிக்கை விட்டுப்போன எனக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. ஜெபம் நின்றுவிட்டது. பிறனிடத்தில் அன்புகூரச் சொன்னது மட்டும் உள்ளேயே இருக்கிறது. அதை வைத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை?

ஜெர்மன் தத்துவவாதி நீட்சே இதைத்தான் கேட்டார். லுத்தரன் போதகரின் மகன் அவர். 1882-இல் அவர் எழுதிய காட்சியில், பட்டப்பகலில் லாந்தரோடு சந்தைக்கு வந்து கடவுளைத் தேடுகிறான் ஒரு பித்தன். சுற்றி நின்று சிரிப்பவர்கள் பக்தர்கள் இல்லை, ஏற்கனவே நம்பிக்கை இழந்தவர்கள். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. 'அவரைக் கொன்றது நாம்தான்' என்கிறான். யாருக்கும் உறைக்கவில்லை. லாந்தரைத் தரையில் எறிகிறான், உடைந்து அணைகிறது.

பிறகு ஆங்கில நாவலாசிரியை ஜார்ஜ் எலியட்டைப் பேர் சொல்லியே சாடினார். கடவுளை விட்டுவிட்டுக் கிறிஸ்தவ ஒழுக்கத்தை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்கிறார்களாம். நடுத்தூணை உருவினால் கூரையும் சேர்ந்துதான் விழும் என்பது அவர் வாதம். 1958-இல் கத்தோலிக்கரான தத்துவவாதி எலிசபெத் ஆன்ஸ்கோமும் வேறு திசையிலிருந்து அங்கேதான் வந்தார்: சட்டம் தந்தவரை நம்பாமல் கடமையை மட்டும் பேசுவது, குற்றவியல் சட்டமும் நீதிமன்றமும் ஒழிந்த பிறகு 'குற்றவாளி' என்ற சொல் மட்டும் மிஞ்சுவது மாதிரி.

கடமை விஷயத்தில் இருவரும் சொல்வது சரி. 'செய்தே ஆகவேண்டும்' என்ற அந்த அதட்டல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இரக்கம், பலவீனர்களின் மனக்கசப்பில் முளைத்த அறத்தின் பகுதி என்று நீட்சே 1887-இல் எழுதியதை ஏற்கவே மாட்டேன்.

எலியட்டையே பாருங்கள். இயற்பெயர் மேரி ஆன் எவன்ஸ். 1842 ஜனவரியில், 22 வயதில், இனி சர்ச்சுக்கு வரமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். வீடே இரண்டுபடும் நிலை. சில மாதம் கழித்து ஒரு சமாதானம்: அப்பாவோடு போய் உட்காருவார், உள்ளே என்ன நினைக்கிறார் என்பது அவர் பாடு. அப்பா படுத்த படுக்கையானபோது, 1849-இல் அவர் இறக்கும்வரை, பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டதும் அதே மகள்தான். புத்தகம் வாசித்துக் காட்டிக்கொண்டு, இரவெல்லாம் கண்விழித்துக்கொண்டு.