தமிழ்ப் பேச்சு கணினிக்குப் புரியாதா? சுற்றும் செய்தியும் உண்மையும்

"தமிழில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றின் பல ஒலிகளுக்கும் ஒரே எழுத்துத்தான். அதனால் தமிழ்ப் பேச்சைக் கணினி ஒருநாளும் எழுத்தாக்காது" என்றொரு செய்தி திருகோணமலை, மூதூர், கிண்ணியா வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. பிள்ளைகள் இதை நம்பித் தமிழைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது.

கணினி எழுத்தைக் கேட்பதில்லை, ஒலியைத்தான் கேட்கிறது. பக்கம், பகல், தங்கம் மூன்றிலும் எழுத்து 'க' வரிசைதான், ஒலி வேறு. ஆனால் எந்த ஒலி வரும் என்பதைப் பெரும்பாலும் சொல்லில் அந்த எழுத்து நிற்கும் இடமே சொல்லிவிடும். கடன்சொற்களில்தான் கொஞ்சம் சிக்கல்.

ஒலிப்புக் கூறுகளைப் பயன்படுத்தும் முறையும் உண்டு. உதடு மூடியதா, நாநுனி எங்கே பட்டது, குரல்நாண் அதிர்ந்ததா, மூச்சு மூக்கால் போனதா என்று ஒலியிலிருந்தே கணினி தனித்தனியாக ஊகிக்கும். கேமரா தேவையில்லை. நிலாவெளிக் கடற்காற்றில் ஒரு கூறு மங்கினாலும் மற்றவை கைகொடுக்கலாம். உதடும் மூக்கும் தெரிந்தால் 'ம்' என்று பிடித்துவிடலாம் அல்லவா? இக்கூறுகள் பல மொழிகளுக்கும் பொது என்பதால், பதிவுகள் குறைந்த மொழிக்கும் உதவும். தொல்காப்பியத்தில் எழுத்துகள் பிறக்கும் விதம் சொல்லும் பிறப்பியல் என்ற பகுதி எழுத்துகளை வகுத்ததும் இப்படி உதடு, நா, அண்ணம் பார்த்துத்தான்.

இன்றைய செயலிகள் பல இக்கூறுகளைத் தனியே பிரிக்காமலே கற்கின்றன. கூகுள் குரல் தட்டச்சில் 2017 முதலே தமிழ் இருக்கிறது. சரி, நம் பேச்சில் பிழை ஏன் வருகிறது? கிழக்கிலங்கை வழக்கில் பதிவான பேச்சு குறைவு. எழுத்தின் மேல் பழி போடாமல் அந்தப் பதிவுகளைச் சேர்க்க வேண்டும்.