இருமினால் உடனே சிரப்பா?

என் மகளுக்கு நாலு வயது. போன வாரம் மூக்கொழுகல், லேசான காய்ச்சல், தொண்டை வலி, ராத்திரி படுத்தால் இருமல். திருப்பூரில் மார்கழிப் பனியோடு பஞ்சுத் தூசியும் சேர்ந்தால் எங்கள் வீதியில் இருமாத குழந்தையே கிடையாது. அதற்காக நான் பதறவில்லை. என்னைக் கொதிக்க வைத்தது மருந்துக்கடை.

வீட்டில் பாரசிட்டமால் தீர்ந்துவிட்டது, அது மட்டும் வாங்கத்தான் போனேன். "வறட்டு இருமலுங்களா, சளி இருமலுங்களா?" என்று கேட்ட கையோடு ஒரு சிவப்பு சிரப், ஒரு மஞ்சள் சிரப், தண்ணீர் ஊற்றிக் கலக்குகிற ஆன்டிபயாட்டிக் பாட்டில், மூன்றையும் எடுத்து வைத்துவிட்டார். டாக்டர் சீட்டு கேட்கவில்லை. குழந்தை எத்தனை கிலோ என்று கேட்கவில்லை. "அரை மூடி ஊத்துங்க, அசந்து தூங்கிரும்" என்றார். அசந்து தூங்கினால் நோய் குணமாகிவிட்டது என்று அர்த்தமா? சிரப்பில் இருக்கிற அலர்ஜி மருந்து தருகிற மயக்கம் அது! சாதாரண சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. இது தெரியாமலா கடை நடத்துகிறார்கள்?

2025இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் 20க்கும் மேற்பட்ட பிஞ்சுகள் இருமல் சிரப் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து செத்தார்களே, மறந்துவிட்டதா? நம் காஞ்சிபுரம் பக்கம் தயாரான சிரப் அது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருந்தது. இரண்டு வயதுக்குள் இருமல் மருந்தே எழுதக் கூடாது, ஐந்துக்குள் பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறையே அப்போது சொன்னது. எங்கள் வீதி முக்கு வரைக்கும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை போலிருக்கிறது.

சொந்தபந்தமும் சளைத்ததில்லை. "என்னம்மிணி, மூணு நாளா இருமுது, ஒரு ஊசி போட்டுட்டு வர்றதுக்கென்ன?" என்று அத்தை தினமும் போன். சளி இருமல் அடங்க இரண்டு, மூன்று வாரம்கூட ஆகும் என்றால் நான் கல்நெஞ்சுக்காரி ஆகிவிடுகிறேன்.

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமினாள். மடியில் சாய்த்துக்கொண்டு அரை ஸ்பூன் தேனை நாக்கில் தடவினேன். சப்புக்கொட்டினாள். மேலே இரண்டு வாய் வெதுவெதுப்பான தண்ணீர், மூக்கில் உப்புநீர்ச் சொட்டு. உப்புத் தண்ணீரைக் கொப்பளிக்க இந்த வயதில் வராது, விழுங்கிவிடுவாள். கால் மணி நேரத்தில் தூங்கிப்போனாள். காலையில் கருப்பட்டி போட்ட சுக்குத்தண்ணி, காரமில்லாமல். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் தொடவே கூடாது, பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோய் வரலாம். இதைச் சொன்னால் "நாங்கெல்லாம் வளர்க்கலையா" என்று அதற்கும் சண்டை.

மூச்சை எண்ணவும் செய்தேன். தூங்கும்போது நிமிடத்துக்கு 40ஐத் தொட்டாலோ, விலா எலும்பின் கீழ் குழி விழுந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன். கடைக்கு இல்லை.

நேற்று அதே கடை வாசலில் ஒரு ஆத்தா, கையில் அதே சிவப்புப் பாட்டில்.

"பேரனுக்கு என்ன வயசுங்க?"

"பத்து மாசம் சாமி."

கையைப் பிடித்துத் திரும்பக் கடைக்குக் கூட்டிப்போய்ப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். கடைக்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. சுண்டட்டும்.