மதில் மேல் ஒரு மனுசனை நடக்க விடுங்கள்

குரோஷியாவில் துப்ரோவ்னிக் என்ற பழைய நகரைச் சுற்றியிருக்கும் மதிலில் ஒரே திசையில்தான் நடக்க வேண்டும், எதிர்ப்பக்கம் திரும்ப முடியாது, அப்படியிருக்க முன்னால் போகிறவர் குறுகலான படியில் நின்றுகொண்டு, கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, முடியைக் கோதி, மறுபடியும் ஒரு செல்ஃபி என்று ஆரம்பித்தால் பின்னால் வரும் அத்தனை பேரும் வெயிலில் காய வேண்டியதுதான். ஓரமாக நின்று எடுத்தால் என்ன? சொகுசுக் கப்பல் கூட்டம் மொத்தமாக உள்ளே வரும் நேரத்தில் இன்னும் கொடுமை. மாணவர்கள் நாங்கள் சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்துத்தான் டிக்கெட் எடுக்கிறோம். 1667 நிலநடுக்கத்தையே தாங்கி நின்ற மதில் இது, கிட்டத்தட்ட 1,940 மீட்டர் நீளம். மதிலில் உள்ள மின்செட்டா கோபுரத்தில் நின்று, கீழே தெரியும் வீட்டுக் கூரைகளில் எது பழைய ஓடு, எது 1991-92 போரின் குண்டுவீச்சுக்குப் பிறகு வேய்ந்த புது ஓடு என்று நிறத்தை வைத்துப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது, ஆனால் கண்ணுக்கு முன்னால் செல்ஃபிக் குச்சிகள்தான், அப்புறம் பின்னாலிருந்து தள்ளு.