சாப்பாடு போட்டவருக்குக் கைகூப்பாத ஒருத்தி

உடம்பு முடங்கி ஒரு பராமரிப்பு இல்லத்தில் வாழ்கிற பெண்ணைப் பற்றிய நாவல் என்று சொன்னாலே நம்ம ஆட்கள் கண்ணைத் துடைக்கத் தயாராகிவிடுவார்கள். சாவோ இச்சிகாவா எழுதிய 'ஹன்ச்பேக்' ஜப்பானிய நாவலை அந்த நினைப்பில் எடுத்தால் முதல் பக்கத்திலேயே முகத்தில் அடி விழும். கதை தொடங்குவதே ஒரு ஆபாசக் கட்டுரையோடு. இணையத்துக்காக அதைக் காசுக்கு எழுதித் தள்ளுகிறவள்தான் நாயகி ஷாகா. பிறவித் தசை நோய், வளைந்துபோன முதுகெலும்பு, தொண்டையில் டியூப், வென்டிலேட்டர், சளி உறிஞ்சும் மிஷின், இவ்வளவோடும் படுக்கையில் இருந்தபடி. எழுதின காசையும் தானம் பண்ணிவிடுகிறாள், அது வேறு விஷயம்.

எழுதியவருக்கும் பிறவித் தசை நோய்தான், வென்டிலேட்டரும் பவர் வீல்சேரும்தான். 2023-ல் இந்த நாவலுக்கு அகுதாகவா பரிசு கிடைத்தது, ஜப்பானில் அதைவிடப் பேர்பெற்ற இலக்கியப் பரிசைச் சொல்வது கஷ்டம். இவ்வளவு கடுமையான ஊனத்தோடு இதை வாங்கிய முதல் ஆள் என்று எல்லோரும் கொண்டாடியபோது, முதல் ஆள் வருவதற்கு 2023 ஏன் ஆனது என்று கொஞ்சம் யோசியுங்கள் என்று சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே இவரைப் பிடித்துவிட்டது. பாலி பார்ட்டன் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் 2025-ல் வந்தது, சின்னப் புத்தகம், ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

ஷாகா நல்லவள் இல்லை. மற்ற பெண்களைப் போலத் தானும் கர்ப்பமாகிக் கருவைக் கலைத்துப் பார்க்க வேண்டும் என்று ட்விட்டரில் எழுதி வைக்கிறாள். இல்லத்தில் வேலை செய்கிற தனகா அதையெல்லாம் ரகசியமாகப் படித்துவிட்டான் என்று தெரிந்ததும் அவள் கூனிக்குறுகவில்லை, பேரம் பேசுகிறாள். தன்னைக் கர்ப்பமாக்க அவனுக்கு ஒரு விலை: அவன் உயரம் 155 சென்டிமீட்டர், அதனால் 15.5 கோடி யென். அவளிடம் காசு உண்டு. பெற்றோர் விட்டுப்போன சொத்து, அவள் தங்கியிருக்கிற இல்லமே அவளுடையதுதான். அப்புறம் என்ன ஆகிறது என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் இல்லமே சொந்தமானாலும், தன்னை யார் தொட்டுக் குளிப்பாட்டுவது என்பதை அன்றைய தினம் யார் வேலைக்கு வந்திருக்கிறார்களோ அதுதான் தீர்மானிக்கிறது. நாவலின் உயிர் எனக்கு அங்கேதான் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நம்ம வட சென்னைப் பக்கத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் யாருக்குப் பிறந்தநாள், யாருக்குத் திதி என்றாலும் ஏதாவது ஒரு இல்லத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு. நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே நடப்பதைப் பாருங்கள். சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரை, பர்த்டே பார்ட்டி வருவது ஒன்றே முக்காலுக்கு, அதுவரை எல்லோரும் தட்டோடு காத்திருக்க வேண்டும். வந்ததும் கேக், போட்டோ, ஒரு பாட்டு, கைகூப்பி ஒரு நன்றி. ஒரே வாரத்தில் நாலு பேர் பிரியாணி கொண்டுவந்தால் நாலு நாளும் பிரியாணி. எனக்கு இன்றைக்கு ரசம் சாதம் போதும் என்று ஒருத்தி சொன்னால் 'திமிரு' என்பார்கள். நம்ம கதைகளிலும் இதே ஆள்தான் வருகிறார், வாங்கிக்கொண்டு வாழ்த்துகிறவராக. அவருக்குப் பிடிக்காத ஆயாம்மா இருக்க மாட்டார், பொறாமை இருக்காது, ஆசை சுத்தமாக இருக்காது.

குடும்பத்தோடு இருந்தால் எல்லாம் சரி என்று சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் லிஃப்ட் இல்லாத பழைய ஹவுசிங் போர்டு வீடுகள் எத்தனை இருக்கின்றன. மூன்றாவது மாடியில் ஒரு கட்டிலில் கிடக்கிறவர் ஆஸ்பத்திரிக்கு என்றால் மட்டும் கீழே வருவார், அதுவும் நாலு பேர் சேரோடு தூக்கினால். வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் லிஃப்ட் பளபளவென்று இருக்கிறது, சரி, அந்த லிஃப்ட் வரைக்கும் அவரை யார் கொண்டுவருவது? அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. "எனக்கு முன்னாடி இவன் போயிடணும்" என்று அந்த அம்மா சொல்வதை நாம் தியாகம் என்று எடுத்துக்கொள்கிறோம். அரசாங்கம் தருகிற மாத உதவித்தொகை டயப்பருக்கே பத்தாது.

சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, சமூகத்தோடு சேர்ந்து வாழ்வது இவர்களின் உரிமை என்கிறது. இந்த இடத்தில்தான் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதபடி அரசு 'முயற்சி' செய்ய வேண்டும், கூட இருந்து உதவ ஆள் உட்பட. முயற்சி என்ற சொல்லைப் போட்டவர் யாரோ, வக்கீல் மூளை.

ஷாகாவின் ஆசையைப் படித்து முகம் சுளிக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஜப்பானில் 1948 முதல் 1996 வரை ஒரு சட்டம் இருந்தது, ஊனமுற்றவர்கள் பிள்ளை பெறக்கூடாது என்று சுமார் 25,000 பேருக்குக் கருத்தடை செய்தார்கள், அதில் பெரும்பாலானவர்களிடம் சம்மதமே கேட்கவில்லை. அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு விரோதமானது என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 ஜூலையில். இங்கே 1994-ல், மகாராஷ்டிராவில் அரசு இல்லத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்குக் கர்ப்பப்பையையே எடுத்தார்கள், மாதவிடாய்ச் சுத்தம் பார்க்க முடியவில்லை என்பது காரணம். 2009-ல் சண்டிகரில் அரசு இல்லத்துக்குள்ளேயே ஒரு பெண் பலாத்காரத்துக்கு ஆளாகிக் கர்ப்பமானார். குழந்தை வேண்டும் என்றார். உயர் நீதிமன்றம் கலைக்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம்தான் அவர் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது என்று தடுத்தது. ஒருத்தி பெற்றுக்கொள்ளக் கேட்டாள், கதையில் இன்னொருத்தி கலைக்கக் கேட்கிறாள். முடிவு எடுக்கிற நாற்காலியில் அவர்களை உட்கார வைக்க மட்டும் யாருக்கும் மனசு வருவதில்லை.

இன்னொரு இடம், புத்தகப் பிரியர்களுக்கு உறுத்தும். ஷாகாவுக்குக் காகிதப் புத்தகம் என்றாலே வெறுப்பு. கண் தெரிய வேண்டும், புத்தகத்தைப் பிடிக்க வேண்டும், பக்கம் புரட்ட வேண்டும், அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும், கடைக்குப் போய் வாங்க முடிய வேண்டும். இவ்வளவும் இருக்கிறவன்தான் வாசகன் என்று ஆக்கிவைத்திருக்கிற கர்வத்தைக் கிழித்து எறிகிறாள். ஒவ்வொரு ஜனவரியும் நந்தனம் புத்தகக் காட்சியில் பலகைத் தரையில் தடுக்கி நடந்து, புதுப் புத்தக வாசனை பற்றிப் பத்து ஸ்டேட்டஸ் போடுகிற நமக்கும் அதில் பங்கு உண்டு.

யாராவது பதிப்பாளர் இதைத் தமிழில் கொண்டுவர நினைத்தால் ஒரே கோரிக்கை. ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்று சொல்லாமல், முதல் நாளே மின்நூலாகவும் போடுங்கள், போனில் வாசித்துக் காட்டுகிற மென்பொருளுக்குப் புரிகிற யூனிகோடில். ஸ்கேன் பண்ணின பிடிஎஃப் வேண்டாம்.