எலிக்குஞ்சின் குரலும் என் மேல் விழுந்த பழியும்

என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. மூன்றரை வயதில் அவனுக்கு ஆட்டிசம் என்று உறுதியானது. அதற்குப் பிறகு எத்தனையோ இரவுகள் நான் ஒரே வேலையைத்தான் செய்தேன். அவன் தூங்கியதும், கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்பேன். ஆமாம், பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். எட்டு மாதத்தில் "ஆ..." என்று நீட்டுகிறானே, அதில் ஏதாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமோ? பதினொரு மாதமாகியும் "பாபாபா", "தாதாதா" வரவில்லையே, அப்போதே உறைத்திருக்க வேண்டுமோ?

குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் அந்த நாட்களில் சொன்னது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. "நீ பிள்ளைகிட்ட வாய் திறந்து பேசியிருந்தா அவன் பேசியிருப்பான்மா." கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொன்னார். அதனால் திருப்பி ஒரு வார்த்தை சொல்லவும் முடியவில்லை.

அந்த வார்த்தைக்கு எனக்குப் பதில் கிடைத்த இடம் நான் கொஞ்சமும் எதிர்பார்க்காதது. சுண்டெலிக் குஞ்சுகளின் குரலை ஆராய்பவர்களிடம் கிடைத்தது. சில வருடங்களாக அந்த ஆய்வுகளை விடாமல் படித்துவருகிறேன். நான் விஞ்ஞானி இல்லை. புரியாத இடங்களைத் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பிறந்த எலிக்குஞ்சுக்கு முடி இருக்காது, கண் திறந்திருக்காது, காதும் திறந்திருக்காது. தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளவும் தெரியாது. தாயையும் கூட்டையும் விட்டு விலகினால் சில நொடிகளில் குளிர ஆரம்பிக்கும். உடனே அது கத்தும். ஆனால் அந்தக் கத்தல் நம் காதில் விழாது. மனிதக் காது ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். சுண்டெலிக் குஞ்சின் குரலோ பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போகிறது. தாய்க்கு அது தெளிவாகக் கேட்கும். ஓடிவந்து குஞ்சை வாயில் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுபோகும். 1956இல்தான் இப்படி ஒரு மீயொலி அழைப்பு இருப்பதே தெரியவந்தது. அதுவரை ஆய்வகங்களில் எத்தனை குஞ்சுகள் கத்தியிருக்கும், பக்கத்தில் நின்ற மனிதர்கள் அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஆட்டிசத்தோடு தொடர்புடையவை என்று அறியப்பட்ட மரபணுக்கள் பல உண்டு. அவற்றில் ஒன்றை எலியில் மாற்றி, அதன் வளர்ச்சியில் என்ன நடக்கிறது என்று பார்க்கிறார்கள். எலிக்குப் பேச்சு கிடையாது. கேள்வி கேட்டுப் பதில் வாங்க முடியாது. பிறந்த முதல் இரண்டு வாரத்தில் அது வெளியே காட்டும் சமூகச் செயல் என்று பார்த்தால் இந்த அழைப்பு ஒன்றுதான் பெரிதாக இருக்கிறது. அதனால் குஞ்சைச் சில நிமிடம் தனியாக ஒரு பெட்டியில் வைத்து, மீயொலியைப் பிடிக்கும் மைக்கில் பதிவு செய்கிறார்கள். (அந்தச் சில நிமிடத்தை நினைத்தால் எனக்கு மனசு சங்கடப்படுகிறது. அதையும் சொல்லாமல் விட முடியவில்லை.) எத்தனை முறை கத்தியது, ஒவ்வொரு கத்தலும் எவ்வளவு நீளம், சுருதி ஏறியதா, இறங்கியதா, நடுவில் தாவியதா, எதற்குப் பின் எது வந்தது என்று பிரித்துப் பார்க்கிறார்கள். முன்பு மணிக்கணக்காகக் கண்ணால் பார்த்து எண்ணிய இந்த வேலையை இப்போது டீப்ஸ்குவீக் மாதிரியான மென்பொருள்கள் எளிதாக்கிவிட்டன.

இந்த இடத்தில்தான் செய்தித் தலைப்புகள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. "ஆட்டிச எலி" என்று எழுதுகிறார்கள். அப்படி ஒரு எலி கிடையாது. ஒரு மரபணு மாறிய எலி உண்டு, அவ்வளவுதான். அந்த எலிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஷாங்க்1 மரபணு இல்லாத குஞ்சுகள் குறைவாகக் கத்தின. சிஎன்டிஎன்ஏபி2 இல்லாதவையும் அப்படியே. ஆனால் சிறுமூளையில் உள்ள பர்க்கின்யே செல்களில் மட்டும் டிஎஸ்சி1 மரபணுவை நீக்கியபோது குஞ்சுகள் அதிகமாகக் கத்தின. ஆட்டிச ஆய்வுகளில் பயன்படுத்தும் பிடிபிஆர் என்ற எலி இனத்தின் குஞ்சுகளும் அதிகமாகக் கத்தும். கத்தும் விதமும் மற்ற எலிகளைப் போல இருக்காது. அப்புறம், குஞ்சின் எடை, அறையின் வெப்பம், பிறந்து எத்தனையாவது நாள் என்பதைப் பொறுத்தும் எண்ணிக்கை மாறும். ஆக, "குறைவாகக் கத்தினால் ஆட்டிசம்" என்று ஒரு வரியில் முடிக்க எலியிலேயே வழி இல்லை. மனிதக் குழந்தையில் எப்படி முடியும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எலிக்குஞ்சின் குரல் நம் குழந்தையின் மழலை மாதிரி கேட்டுக் கற்றது இல்லை. பிறவியிலேயே காது கேட்காத எலிகளும் சாதாரண எலிகளைப் போலவே குரல் எழுப்புகின்றன. பெருமூளைப் புறணியின் பெரும்பகுதி உருவாகாமலே பிறந்த எலிகளும் அப்படித்தான். குரல்வளைக்குள் காற்று பாய்ந்து எழும் ஒரு சீழ்க்கை அது, கூடவே பிறந்தது. ஆகவே எலியின் குரலில் பேச்சைத் தேடுவது வீண். அதில் தேட வேண்டியது அழைப்பு. ஒரு உயிர் இன்னொரு உயிரைத் தன்னிடம் வரவைக்கும் முயற்சி.

அந்த அழைப்பைப் பற்றித்தான் நரம்பியல் ஆய்வாளர் நோபொரு ஹிரோயின் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு பேசுகிறது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டது டிபிஎக்ஸ்1 என்ற மரபணு. மனிதர்களில் அது 22ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்தப் பகுதியில் ஒரு துண்டு விடுபட்டுப் பிறப்பவர்களுக்கு ஆட்டிசம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டுப்போன எலிக்குஞ்சுகளின் குரலைப் பதிவு செய்தார்கள். சாதாரணக் குஞ்சின் கத்தல்கள் தாறுமாறானவை இல்லை. எதற்குப் பின் எது என்று அவற்றில் ஒரு கோவை இருக்கிறது. மாற்றம் உள்ள குஞ்சுகளிடம் அந்தக் கோவை வேறு மாதிரி இருந்தது, எளிமைப்பட்டும் போயிருந்தது.

அதோடு நிற்கவில்லை. அந்தக் குரல்களைத் தாய் எலிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். சாதாரணக் குஞ்சின் குரல் வந்த பக்கம் தாய் தேடிப் போனது. அதே கத்தல்களை வரிசை மாற்றிக் கலைத்துப் போட்டபோது அந்த ஈர்ப்பு போய்விட்டது. டிபிஎக்ஸ்1 மாறிய குஞ்சின் குரலுக்கும் தாயின் பதில் குறைந்தே இருந்தது.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தாய்க்கு ஒரு குறையும் இல்லை. பாசம் இல்லாததால் அது வராமல் இருக்கவில்லை. அதற்குப் பழகிய வடிவில் அழைப்பு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு என்ன தெரியும்? "குஞ்சு கத்துகிறது, தாய் கண்டுகொள்ளவில்லை" என்றுதான் தெரியும். கதையைப் பின்பக்கத்திலிருந்து படித்தால் தாய்தான் குற்றவாளி.

மனிதத் தாய்களுக்கு இதைத்தான் செய்தார்கள். மனநல மருத்துவர் லியோ கன்னர் 1943இல் ஆட்டிசத்தை விவரித்த கட்டுரையிலேயே பெற்றோரிடம் கனிவு குறைவு என்ற குறிப்பு இருக்கிறது. அதே கட்டுரையில் இது பிறவியிலேயே வருவது என்றும் அவர் எழுதினார். ஆனால் ஊர் பிடித்துக்கொண்டது முதல் பாதியை. பின்னால் புருனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் அதை ஊதிப் பெரிதாக்கி, பாசமில்லாத தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்ற பொருளில் "குளிர்பதனப்பெட்டித் தாய்" என்ற பெயரைப் பரப்பினார்கள். 1960களில் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், தானும் ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையாக, அதை எதிர்த்து எழுதினார். அறிவியல் அந்தக் கொள்கையை எப்போதோ கைவிட்டுவிட்டது. குடும்பங்கள் இன்னும் கைவிடவில்லை. அந்த மூத்தவர் பெட்டல்ஹைம் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனாலும் அந்தக் கருத்து எப்படியோ அவர் வாய்வரை வந்து சேர்ந்துவிட்டது.

அப்படியானால் பழியைத் தாயிடமிருந்து எடுத்துக் குழந்தையின் தலையில் வைக்கலாமா என்று கேட்டால், வைக்கவே கூடாது. குழந்தை தனக்குத் தெரிந்த விதத்தில் கூப்பிடுகிறது. எலித் தாயால் புது அழைப்பைக் கற்றுக்கொள்ள முடியுமோ என்னவோ, நம்மால் முடியும். என் மகன் மூக்கால் "ம்ம்" என்று மேலே ஏற்றி இழுத்தால் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். தட்டையாக இழுத்தால் சத்தம் தாங்கவில்லை, இங்கிருந்து போகலாம் என்று அர்த்தம். இது எனக்குப் புரிய வருடங்கள் ஆயின. பேச்சுப் பயிற்சி தந்தவர், "அவன் சொல்வதை முதலில் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்" என்று சொன்ன பிறகுதான் நான் அந்தத் திசையிலேயே யோசித்தேன்.

மரபணு மாற்றம் பச்சிளங்குழந்தையின் குரலில் கேட்பது மனிதர்களிடமும் உண்டு. 5ஆம் குரோமோசோமின் குட்டையான பக்கத்தில் ஒரு பகுதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் பூனைக்குட்டி போல அழுவார்கள். 1963இல் பிரெஞ்சு மருத்துவர் ஜெரோம் லெஜூன் விவரித்தது இது. அங்கே குரல் தெளிவான அடையாளம். ஆட்டிசத்தில் அவ்வளவு தெளிவு கிடையாது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தம்பி தங்கைகளைப் பின்தொடர்ந்த ஒரு சிறிய ஆய்வில், ஆறு மாதத்திலேயே அழுகையின் சுருதி சற்று உயர்ந்திருந்ததைக் கண்டார்கள். நான் செய்ததைப் போலவே வீட்டு வீடியோக்களை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டவர்களும் உண்டு. பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளிடம், ஒரு வயதை ஒட்டிய மாதங்களில் "பாபா", "தாதா" போன்ற அசைகள் குறைவாக இருந்தன. ஆனால் அது கூட்டமாகப் பார்க்கும்போது தெரியும் வித்தியாசம். ஒரு தாய் நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து ஒரே ஒரு குழந்தையின் குரலில் அதைக் கண்டுபிடித்துவிட முடியாது. கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று யாரும் அவளைக் கேட்கவும் கூடாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குழந்தையின் அழுகையைப் பதிவு செய்தால் ஆட்டிசமா இல்லையா என்று சொல்லும் செயலி வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது காதில் விழுகிறது. எனக்கு அது பயமாக இருக்கிறது. ஒவ்வொரு அழுகைக்கும் மதிப்பெண் பார்க்கும் தாய் எப்படிக் குழந்தையைத் தூக்குவாள்? குரலில் சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது எளிமையானது. பத்து மாதம் தாண்டியும் அசைகள் வரவில்லையா, முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதியுங்கள். கேட்கும் திறன் குறைந்த குழந்தைகளுக்கும் இது தாமதமாகும். பெயர் சொன்னால் திரும்புகிறதா, கை நீட்டிக் காட்டுகிறதா, இதையெல்லாம் சேர்த்துக் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். "ஆண் குழந்தை மெதுவாத்தான் பேசும்" என்று யார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். உதவி தொடங்க, முடிவான பெயர் ஒன்று கிடைக்கும்வரை பொறுக்க வேண்டியதில்லை.

போன வாரம் அந்தப் பதினொரு மாத வீடியோவை மறுபடி போட்டேன். இத்தனை வருடமாக அவன் குரலை மட்டுமே தேடிக் கேட்டதால் ஒன்றைக் கவனிக்கவே இல்லை. பின்னணியில் ஒரு பெண் பேசிக்கொண்டே இருக்கிறாள். "என்ன தங்கம், காக்கா எங்கே, அம்மாவைப் பாரு, இங்கே பாரு, காக்கா பறந்துபோச்சா?" அவன் ஜன்னலைப் பார்த்து "ஆ..." என்கிறான். அவளும் "ஆ..." என்கிறாள். வீடியோ முடியும்வரை ஒரு இடத்திலும் நான் வாய் மூடவில்லை.