குடும்பவியல் படிக்கட்டும், எவ்வளவு கடனில் என்பதைப் பேசுவோம்

என் மகள் ஹியூமன் டெவலப்மென்ட் அண்ட் ஃபேமிலி ஸ்டடீஸ், அதாவது மனித வளர்ச்சியையும் குடும்பங்களையும் பற்றிய டிகிரி, படிக்கப் போகிறேன் என்று சொன்னதிலிருந்து, டெக்சாஸில் எந்தத் தமிழ் வீட்டு விருந்துக்குப் போனாலும் என்னைக் கேட்பது ஒன்றுதான். "அதைப் படிச்சா என்ன சம்பளம் வரும்?" கேட்கட்டும், கடன் வாங்கிப் படிக்கிற ஊரில் கேட்கத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு கடன் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் கோவையில் மனையியல் படித்தவள். அப்போதும் "சமையல் படிப்பா?" என்றுதான் கேட்டார்கள். இங்கே வந்து பதினோரு வருடமாக டேகேரில் வேலை. எங்கள் சென்டரில் மூன்று வயதுப் பையன் ஒருவன் திடீரென்று பேச்சை நிறுத்தியபோது, அடம் பிடிக்கிறான் என்று நாங்கள் எல்லோரும் விட்டுவிட்டோம். வீட்டில் ஏதோ மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்து, அம்மாவை உட்கார வைத்துப் பேசியது இந்த டிகிரி படித்த ஒரு டீச்சர்தான். அதனால் இந்தப் படிப்பு வீண் என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

சம்பளம் குறைவு என்பதும் உண்மைதான். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 கணக்கில் பிரீஸ்கூல் டீச்சர்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு வருடம் 37,000 டாலர் அளவில் வருகிறது. டேகேர் ஊழியர் என்றால் 32,000 பக்கம். பெற்றோர் அவ்வளவு பணம் கட்டுகிறார்களே, அது எங்கே போகிறது என்று கேட்பார்கள். டெக்சாஸ் விதிப்படி ஒரு வயது ஆகாத குழந்தைகள் நான்கு பேருக்கு மேல் ஒருவர் பார்க்கக் கூடாது. அந்த நான்கு வீட்டுப் பணத்தில்தான் சம்பளம், வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் நடக்க வேண்டும். நாங்கள் எவ்வளவு ஓடினாலும் ஐந்தாவது குழந்தையைச் சேர்த்துக்கொள்ள முடியாது, சேர்க்கவும் கூடாது.

இதைவிட நல்ல சம்பளம் உள்ள வேலைகள் இந்தத் துறையில் உண்டு, ஆனால் நான்கு வருடத்தோடு வருவதில்லை. குடும்ப ஆலோசகர் ஆக வேண்டுமென்றால் முதுகலை, அதற்கு மேல் இங்கே 3,000 மணி நேரம் மேற்பார்வையில் வேலை. மருத்துவமனையில் நோயாளிக் குழந்தைகளின் பயத்தைப் போக்கித் துணை நிற்கிற சைல்ட் லைஃப் ஸ்பெஷலிஸ்ட் ஆக 600 மணி நேர இன்டர்ன்ஷிப், அப்புறம் தேர்வு. ஆகவே முதல் டிகிரிக்கே கடனைக் குவித்துவிட்டால் மேலே போக வழி அடைபட்டுவிடும்.

காலேஜ் ஸ்கோர்கார்டு என்று கல்வித்துறையின் தளம் 2015 முதல் இருக்கிறது. அதில் காலேஜ் பெயரைத் தட்டியதும் வருகிற சம்பளத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், அது இன்ஜினியரிங், நர்சிங் படித்தவர்களையும் சேர்த்த எண். கீழே இறங்கித் துறைவாரியாகப் பாருங்கள். அதிலும் மத்திய அரசு உதவி பெற்றவர்களின் சம்பளம் மட்டும்தான் இருக்கும், மேற்படிப்பில் இருப்பவர்கள் கணக்கில் வர மாட்டார்கள், தனியார் லோனும் கடன் கணக்கில் சேராது.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். பெற்றோரின் வருமானத்தில் இருக்கும் மாணவிக்கு மத்திய அரசுக் கடன் முதல் வருடம் 5,500, இரண்டாம் வருடம் 6,500, பிறகு வருடத்துக்கு 7,500 டாலர் வரைதான். நான்கு வருடத்துக்கும் முழுதாக வாங்கினால் 27,000. 2025-26க்கான 6.39 சதவீத வட்டியிலேயே போட்டுப் பார்த்தேன், பத்து வருடத்துக்கு மாதம் 305 டாலர். 37,000 சம்பளத்தில் வரி போகக் கையில் மாதம் 2,600 அளவில் வரும். இழுத்துப் பிடித்துக் கட்டிவிடலாம்.

ஆனால் அவள் ஆசைப்பட்ட தனியார் பல்கலைக்கழகத்தில் அதற்கு மேலும் வருடம் 16,000 டாலர் துண்டு விழுந்தது. பேரன்ட் பிளஸ் லோன், அதாவது பெற்றோர் தங்கள் பெயரில் மத்திய அரசிடம் வாங்கும் கடன், எடுங்கள் என்றார்கள். அதற்கு 2025-26ல் வட்டி 8.94 சதவீதம், கொடுக்கும்போதே நாலு சதவீதத்துக்கு மேல் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். நான்கு வருடத்தில் 64,000, மாதம் 800 டாலருக்கு மேல், அதுவும் என் பெயரில். பிற்பாடு அவள் பெயருக்கு மாற்றவும் முடியாது. ஐம்பதை நெருங்குகிற நான் அறுபது தாண்டியும் கட்டிக்கொண்டிருப்பேன். 2025 ஜூலையில் வந்த சட்டம் 2026 ஜூலை முதல் இந்தக் கடனை வருடம் 20,000, மொத்தம் 65,000 என்று நிறுத்துகிறது. என்னைக் கேட்டால் அந்த வரம்பே அதிகம்.

அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு டிகிரி முடித்தவர்களின் வருமானம், பள்ளிப் படிப்போடு வேலைக்குப் போனவர்களின் வருமானத்தைவிட மூன்று வருடத்தில் இரண்டு வருடமாவது குறைவாக இருந்தால், அந்தப் படிப்புக்கு மத்திய அரசுக் கடன் நிற்கும். மாணவர்களைக் காப்பாற்றும் விதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழந்தைகளைப் பார்க்கிறவர்களுக்குச் சம்பளத்தை உயர்த்தாமல் அவர்கள் படிக்கிற வகுப்பை மூடினால் நாளை அந்தப் பையனைக் கவனிக்க யார் வருவார்கள்?

எச்-4 விசாவில், அதாவது எச்-1பி போன்ற வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்துக்கான விசாவில், பிள்ளைகள் இருக்கும் வீடுகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மத்திய அரசுக் கடன் அவர்களுக்குக் கிடையாது, தனியார் லோன்தான், பெரும்பாலும் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட இன்னொருவரும் வேண்டும். இந்தச் சம்பளத்தை நம்பி அதில் இறங்காதீர்கள்.

நாங்கள் முடிவு செய்தது இது. முதல் இரண்டு வருடம் வீட்டிலிருந்தே கம்யூனிட்டி காலேஜ், அதாவது கட்டணம் குறைவான உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரி, அதற்குக் கைக்காசு. அங்கே படித்த எந்தெந்தப் பாடத்தை அடுத்த இடத்தில் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, மூன்றாம் வருடம் முதல் மாநிலப் பல்கலைக்கழகம். கடன் 15,000, மாதம் 170 டாலர். அவள் இரண்டு நாள் அழுதாள். எனக்கும் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் அவளே உட்கார்ந்து பாடப்பட்டியலை எழுதத் தொடங்கினாள். படித்து முடித்து அரசு அல்லது லாப நோக்கில்லாத இடத்தில் வேலை கிடைத்தால், 120 தவணைக்குப் பிறகு மீதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2007 முதல் இருக்கிறது என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்கும் நிதியுதவிக் கடிதம் வந்திருந்தால் எடுத்துப் பாருங்கள். ஸ்காலர்ஷிப்புக்குக் கீழேயே லோனையும் உதவி என்று எழுதி ஒன்றாகக் கூட்டியிருப்பார்கள். லோன் வரிகளை மட்டும் தனியாகக் கூட்டி, நான்கால் பெருக்குங்கள். கடிதம் புரியவில்லை என்றால் இன்பாக்ஸில் அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.