சிறு கவுண்டிகள் வீண் அல்ல

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே உள்ள சிறு கவுண்டிகளை (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகளை) வீண்செலவு என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் ஒதுக்கியிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. கென்டக்கியில் 120 கவுண்டிகள். அதைவிடப் பன்மடங்கு பெரிய கலிபோர்னியாவில் 58தான். உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் குதிரையில் கிளம்பியவர் ஒரே நாளில் கவுண்டி நீதிமன்றம் போய்த் திரும்ப வேண்டும் என்பதே இத்தனை கவுண்டிகளுக்குச் சொல்லப்படும் காரணம். அந்த நிலத்தின் அமைப்பை அறிந்தால் இதை அலட்சியம் செய்ய மாட்டோம்.

அப்பலாச்சிய மலைத்தொடரை ஒட்டிய கம்பர்லாந்து பீடபூமியை ஓடைகள் அறுத்து அறுத்துச் சமதளத்தையே அரிதாக்கிவிட்டன. வீடு, சாலை, ரயில் பாதை, ஆறு எல்லாம் ஒரே குறுகிய பள்ளத்தாக்கில் நெருக்கியடிக்கின்றன. பைக் கவுண்டியின் தலைமையிடமான பைக்வில்லில் மலையை வெட்டி, ஆற்றையே திருப்பிவிட்டுத்தான் ஊருக்கு இடம் தேடினார்கள். அந்த வேலை 1987இல் முடிந்தது. பக்கத்து ஓடைக்கரை வரைபடத்தில் விரலளவு தூரம்தான், ஆனால் போவதற்கு மலையைச் சுற்ற வேண்டும்.

நிலக்கரி வேலைகள் போனதால் மக்கள் வெளியேறியதும், வரி வருவாய் சுருங்கியதும் மறுக்க முடியாதவை. அதற்காகக் கவுண்டி அலுவலகங்களை மூடலாமா? 2022 ஜூலையில் நாட், பெரி, லெட்சர், பிரெத்திட் கவுண்டிகளை வெள்ளம் சூறையாடியதைக் கட்டுரையாளர் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். சாலையும் பாலமும் அடித்துச் செல்லப்பட்ட இடத்தில், தொலைவில் இருக்கும் அலுவலகத்தால் என்ன பயன்?